எண்ணூர், டிசம்பர் 2023: தொகுதி மக்களுக்குப் போக வேண்டிய கடிதம்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மிக்ஜாம் புயல் மழையில் வட சென்னை மூழ்கியது. அந்தத் தண்ணீர் வடியும்போதே கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் கறுப்பாக வந்து படிந்தது. எண்ணெய் வாடை போவதற்குள் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி பெரியகுப்பம் பக்கம் அமோனியா பரவியது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

நான்கு வாரத்துக்குள் மூன்று இடி. மூன்றிலும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்து நின்ற கேள்விகள் இந்த மூன்றுதான்: என்ன நடக்குது, யாரைப் போய்ப் பார்க்கணும், பணம் எப்போ வரும். தொகுதி மக்களுக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ அனுப்பும் தகவல் கடிதம் இந்த மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டும். சொல்லும்படி அதை எப்படி எழுதுவது, எங்கே தவறும், ஏன் தவறும் என்பதை அந்த ஒரு மாதத்தை வைத்தே இங்கே பார்க்கிறோம். தொகுதி அலுவலகத்தில் கடிதம் தயாரிப்பவர்களுக்கும், அதை வாங்கிப் படித்து ஊர்க் கூட்டத்தில் வாசிப்பவர்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது இது.

ஒரே ஆறு, எத்தனை ஆபீஸ்

எண்ணூரில் தகவல் ஏன் சிக்கலாகிறது என்பதைப் புரிந்துகொள்ள முகத்துவாரத்தில் நின்று பார்த்தால் போதும். தெற்கே மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வந்து ஆற்றில் சேர்கிறது. ஆறும் கால்வாயும் மாநில அரசின் நீர்வளத் துறை பொறுப்பு. அதே கால்வாய் தேசிய நீர்வழி எண் 4 என்று மத்திய சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. மணலியில் இருக்கும் சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இந்தியன் ஆயில் நிறுவனத்தின் துணை நிறுவனம். மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் வருவது. அந்த ஆலை விதிமுறைப்படி நடக்கிறதா என்று பார்க்க வேண்டியது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதாவது மாநிலம். எண்ணெய் கடலுக்குப் போய்விட்டால் இந்தியக் கடலோரக் காவல் படை, அது பாதுகாப்பு அமைச்சகம். கரையில் இருக்கும் படகு, வலை, மீனவர் அட்டை எல்லாம் மாநில மீன்வளத் துறை. தெருவில் ஏறிய எண்ணெய்ச் சேறு சென்னை மாநகராட்சி, திருவொற்றியூர் மண்டலம். எண்ணெயில் நனைந்த கூழைக்கடா வனத் துறை.

ஆற்றுக்குத் தென்கரை சென்னை மாவட்டம், வடகரை திருவள்ளூர் மாவட்டம். 2018இல் மாவட்ட எல்லை மாற்றப்படும் வரை திருவொற்றியூர் வட்டமும் திருவள்ளூரில்தான் இருந்தது. அதனால் பழைய மனுவைப் பார்த்து அப்படியே புது மனு எழுதினால் அது தவறான கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். தென்கரை திருவொற்றியூர் சட்டமன்றத் தொகுதி, வட சென்னை நாடாளுமன்றத் தொகுதி. எதிர்க்கரையில் அத்திப்பட்டுப் பக்கம் பொன்னேரி சட்டமன்றத் தொகுதி, திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி. ஒரே ஆற்றில் வலை போடும் இரண்டு கரைக்காரர்களுக்கும் வேறு வேறு எம்.எல்.ஏ., வேறு வேறு எம்.பி., வேறு வேறு கலெக்டர்.

இத்தனையும் ஒரு மீனவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒவ்வொரு துறையும் தன் பங்கை மட்டும் பத்திரிகைக் குறிப்பாகக் கொடுக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தாளில் எழுதித் தரக்கூடிய நிலையில் இருப்பது தொகுதியின் மக்கள் பிரதிநிதி மட்டும்தான். அவருடைய கடிதத்துக்கு இருக்கும் மதிப்பே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு விஷயத்துக்கும் பக்கத்தில் "இது யார் கையில் இருக்கிறது" என்று எழுதாத கடிதம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பவருக்குப் பயன்படாது.

முதல் வாரம்: தகவல் போகவே இல்லை

வெள்ளத்தின் முதல் இரண்டு நாளில் கடிதத்தின் உள்ளடக்கத்தைவிட அது போய்ச் சேரும் வழிதான் பிரச்சினை. மின்சாரம் நிறுத்தப்பட்டது, பல இடங்களில் செல்போன் டவரும் நின்றது. வாட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருந்தால் மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் ஒரு வரிகூடப் போயிருக்காது. தவிர, வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. பிராட்காஸ்ட் பட்டியல் 256 பேரோடு நிற்கும். அதுவும் அனுப்புபவரின் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல், எல்லாருக்கும் போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும் அலுவலகங்கள் நிறைய. தெருவுக்கு ஒருவர் பொறுப்பாளர் என்று வைத்து, தொகுதி அலுவலக எண்ணை அவர் தெருவில் எல்லார் போனிலும் ஏற்றிக் கொடுக்க வேண்டும். இதை அக்டோபரிலேயே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே செய்துவிட வேண்டும்.

மழை நாளுக்கு மூன்று வழி வேண்டும். குப்பங்களில் கோயில் மைக்கோ சர்ச் மைக்கோ இருக்கும்; ஊர் நிர்வாகிகள் வழியாக அதில் வாசிக்கலாம். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு போன்ற அடுக்குமாடிகளில் மைக் சத்தம் மேல் மாடிக்குத் தெளிவாகக் கேட்காது. அங்கே ஒவ்வொரு பிளாக் படிக்கட்டிலும் தாள் ஒட்ட வேண்டும். மூன்றாவது ரேஷன் கடை வாசல். வெள்ளத்துக்குப் பிறகு எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் கட்டாயம் வந்து நிற்கும் இடம் அது. தாள் ஏ4, எழுத்து 14 புள்ளிக்குக் குறையக் கூடாது, தலைப்பு 20. ஜெராக்ஸ் எடுத்தால் வண்ணப் படம் கறுப்பாகிவிடும். ஆகவே படம் வேண்டாம். மேல் பாதியில் உறுப்பினரின் படமும் கட்சித் தலைவர்களின் படமும் வைத்துவிட்டு, தகவலைக் கீழே பத்துப் புள்ளி எழுத்தில் நெருக்கி அடிப்பது பழகிப்போன வழக்கம். அந்தத் தாளை வயதான ஒரு அம்மா கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது. படிக்க வேண்டியவரே அவர்தான்.

அந்த வாரக் கடிதத்தில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். மாநகராட்சி 1913. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. தண்ணீர் வற்றியதும் மின்சாரம் வருவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவைக்கச் சொல்லி ஒரு வரி. குளோரின் மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால் அதை எப்படிப் போடுவது என்று ஒரு வரி: அரை கிராம் மாத்திரை ஒன்று 20 லிட்டருக்கு, போட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். மாத்திரையைக் கொடுத்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் ஒரு சொம்புக்கு ஒன்று போடுபவரும் உண்டு, ஒரு டிரம்முக்கு ஒன்று போடுபவரும் உண்டு.

எண்ணெய்: ஒரு கடிதத்தை வரி வரியாக

காட்டுக்குப்பம், சிவன்படைவீதி குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், எண்ணூர்க்குப்பம் என்று ஆற்றையும் கடலையும் நம்பியிருக்கும் ஊர்களில் படகின் அடிப்பாகம், வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் எண்ணெய் ஒட்டியது. குழாயில் கசிவு எதுவும் இல்லை என்று மணலி சி.பி.சி.எல். ஆலைத் தரப்பு தொடக்கத்தில் சொன்னது. ஆலை வளாகத்தின் மழைநீர் மேலாண்மை போதுமானதாக இல்லை, வளாகத்தில் தேங்கிய எண்ணெய் வெள்ளத்தோடு வெளியேறியது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முடிவு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்து டிசம்பர் 12 அன்றும் அதற்குப் பிறகும் விசாரித்தது. எண்ணெய் சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரவியிருந்ததைக் கடலோரக் காவல் படை கண்டது. பாதுகாப்பு உடை எதுவும் இல்லாமல் மீனவர்கள் வாளியிலும் மக்கிலும் எண்ணெயை அள்ளிய காட்சியை நாடே பார்த்தது.

அந்தச் சூழலில், டிசம்பர் 13ஆம் தேதி வரை வெளிவந்த விவரத்தை மட்டும் வைத்து ஒரு சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் எப்படி அமைந்திருக்கலாம் என்பதற்கு மாதிரி ஒன்று:

"13.12.2023, புதன்கிழமை, காலை 9 மணி நிலவரம். இந்தக் கடிதம் 15ஆம் தேதி மாலை வரைதான் செல்லும். அதன்பின் புதுக் கடிதம் வரும்.

காட்டுக்குப்பம், சிவன்படைவீதி குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், எண்ணூர்க்குப்பம் மக்களுக்கு.

எண்ணெய் எடுக்கும் வேலை நடக்கிறது. ஆற்றில் மிதவைத் தடுப்பு போட்டு எண்ணெயை உறிஞ்சுகிறார்கள். இதைச் செய்ய வேண்டியது ஆலை. மேற்பார்வை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பசுமைத் தீர்ப்பாயம் நேற்று விசாரித்தது. எண்ணெய் எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்பதைத் தீர்ப்பாயம் முடிவு செய்யும்.

வெறும் கையால் எண்ணெயை அள்ள வேண்டாம். கையுறை, பூட்ஸ், முகக்கவசம் கொடுத்தால்தான் வேலைக்கு இறங்குங்கள். கொடுக்காவிட்டால் கீழே உள்ள எண்ணுக்குச் சொல்லுங்கள். உடம்பில் ஒட்டிய எண்ணெயை மண்ணெண்ணெய், பெட்ரோல் கொண்டு துடைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் 108.

எண்ணெய் படிந்த வலையைத் தூக்கி எறியாதீர்கள், எரிக்காதீர்கள். படகுப் பதிவு எண் தெரியும்படி படகையும் வலையையும் போட்டோ எடுத்து வையுங்கள். மீன்வளத் துறை கணக்கெடுக்க வரும்போது மீனவர் அட்டை, படகுப் பதிவு, ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் நகல் வேண்டும். படகு இல்லாமல் கையால் இறால், நண்டு பிடிப்பவர்களும் மீன் விற்கும் பெண்களும் பெயர் கொடுங்கள். அட்டை இல்லை என்று சொல்லி யாராவது திருப்பி அனுப்பினால் எங்களிடம் வாருங்கள்.

எண்ணெய்ப் பாதிப்புக்கென்று நிவாரணத் தொகை இன்னும் அறிவிக்கப்படவில்லை. ரேஷன் கடையில் கொடுக்கப்போகும் 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம், அது வேறு.

சட்டமன்றம் இப்போது நடக்கவில்லை. அதனால் அவையில் பேச முடியாது. மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் எழுதிய கடிதங்களின் நகல் அலுவலகத்தில் உள்ளது. யாரும் வந்து பார்க்கலாம்."

முதல் வரியில் தேதியோடு நேரமும் ஏன்? கடிதம் பார்வர்டு ஆகும். பத்து நாள் கழித்துக் கொடுங்கையூரில் ஒருவர் கையில் அது கிடைக்கும். எத்தனை மணி நிலவரம், எதுவரை செல்லும் என்று எழுதியிருந்தால் பழைய செய்தி என்று அவரே தெரிந்துகொள்வார். தேதி போடாத செய்தி அடுத்த மழையிலும் உயிரோடு வரும்.

"எண்ணூர் மக்களுக்கு" என்று எழுதாமல் குப்பங்களின் பெயரைச் சொல்வது எதற்கு என்றால், எண்ணூர் என்ற ஒரு சொல்லுக்குள் அனல்மின் நிலையமும் அடங்கும், துறைமுகமும் அடங்கும், கத்திவாக்கமும் அடங்கும். தன் ஊர்ப் பெயரைத் தாளில் பார்த்தவர் கடைசிவரை படிப்பார். ஒரு ஊர்ப் பெயர் விட்டுப்போனால் அந்த ஊருக்கு நிவாரணம் கிடையாது என்று அன்று மாலைக்குள் பேச்சாகிவிடும். அதனால் அச்சுக்குப் போகும் முன் ஊர்ப் பட்டியலை மீனவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பது கட்டாயம்.

காரணத்தைப் பற்றிய வரிகளில் நிதானம் வேண்டும். ஆலை மறுக்கிறது, வாரியம் சொல்கிறது, தீர்ப்பாயம் விசாரிக்கிறது என்றால் அந்த மூன்றையும் சொன்னவர் பெயரோடு எழுதலாம். உறுப்பினரே தீர்ப்பு எழுதினால் பிறகு இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளையே நீட்டுவார். ஊர் மக்கள் கோபமாக இருக்கும்போது கடிதம் மட்டும் அளந்து பேசுவது கசப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கோபத்துக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்றால் அளந்துதான் பேச வேண்டும்.

கையால் இறால் பிடிப்பவர்கள் பற்றிய வரிதான் இந்தக் கடிதத்திலேயே மிகவும் முக்கியம் என்பது எங்கள் எண்ணம். எண்ணூர்க் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குப் படகு இல்லை, பதிவு எண் இல்லை. எண்ணெய்க்குள் உடம்போடு நின்றவர்கள் அவர்கள். கணக்கெடுப்பு எப்போதும் படகிலிருந்து தொடங்குவதால் இவர்கள் பட்டியலின் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். முதல் கடிதத்திலேயே பெயர் கொடுக்கச் சொல்லாவிட்டால், பட்டியல் மூடிய பிறகு மனு மேல் மனுவாகக் கொடுக்க வேண்டிவரும்.

பணம்: எந்தப் படியில் நிற்கிறது

நிவாரணத்தைப் பற்றி எழுதும்போது நடக்கும் பெரிய தவறு, அறிவிப்பை வரவாகப் படிக்கும்படி எழுதுவது. அரசுப் பணம் நான்கு படி இறங்கி வருகிறது: அறிவிப்பு, அரசாணை, பயனாளிப் பட்டியல், கணக்கில் வரவு. முதல்வர் அறிவித்த அன்றே "வழங்கப்பட்டது" என்று தாளில் போட்டால் மறுநாள் காலை வங்கியில் நூறு பேர் நிற்பார்கள். "அறிவிப்பு வந்துவிட்டது, அரசாணை வரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் அந்த அலைச்சல் இல்லை.

எண்ணெய்ப் பாதிப்புக்கு மாநில அரசு பின்னர் அறிவித்ததில் மூன்று தொகைகள் இருந்தன. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய். 787 படகுகளைச் சரிசெய்யப் படகுக்கு 10,000 ரூபாய். மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் சுமார் 8.68 கோடி. பத்திரிகையில் 8.68 கோடி தலைப்பாக வரும். கடிதத்தில் அது கடைசி வரியாக இருந்தால் போதும். "உங்களுக்குப் படகு இருந்தால் இது, மீனவக் குடும்பம் என்றால் இது, அந்தப் பகுதியில் குடியிருப்பவர் என்றால் இது" என்று பிரித்து எழுதினால்தான் வாசிப்பவர் தன்னை எந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது என்று தெரியும். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்கு வேறு வேறு தொகை வரும்போது சண்டை வருவது இயல்பு. ஏன் வேறு என்பது முன்பே எழுத்தில் இருந்தால் சண்டை பாதியாகக் குறையும். வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் டிசம்பர் 17ஆம் தேதி முதல் டோக்கன்படி ரேஷன் கடைகளில் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. கணக்கில் வருவது எது, கையில் வருவது எது என்ற குழப்பமும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

"எம்.எல்.ஏ. நிதியிலிருந்து கொடுங்க" என்ற கோரிக்கையும் கட்டாயம் வரும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினரின் நிதி 5 கோடி. இரண்டுமே கட்டடம், சாலை, குடிநீர் போன்ற பொதுப் பணிக்கு. தனி மனிதருக்கு ரொக்கமாக நிவாரணம் கொடுக்க விதியில் இடமில்லை. இதை ஒருமுறை தெளிவாக எழுதிவிட்டால், "பணத்தை வச்சிக்கிட்டே கொடுக்க மாட்டேங்கிறாரு" என்ற பேச்சுக்குப் பதிலாக, உடைந்த வலைப்பின்னும் கூடத்தை அந்த நிதியில் கட்டித் தாருங்கள் என்ற சரியான கோரிக்கை வரும்.

பயனாளிப் பட்டியலை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது இன்னொரு தவறு. அதில் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கும். மறுநாளே "நிவாரணம் கணக்கில் ஏற்ற ஓ.டி.பி. சொல்லுங்க" என்று மோசடிக்காரன் போன் செய்ய அதுவே போதும். பட்டியலின் வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், தெரு ஆகிய மூன்றை மட்டும் ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதுமானது. நிவாரணத்துக்காக யாரும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள் என்ற வரியைப் பணம் பற்றிய ஒவ்வொரு கடிதத்திலும் அடியில் போடலாம்.

டெல்லி செய்தியை எங்கே வைப்பது

அந்த டிசம்பரில் நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது. 4ஆம் தேதி தொடங்கி 21இல் முடிந்தது. 13ஆம் தேதி மக்களவைக்குள் பாதுகாப்பு மீறல். அதைப் பற்றி விளக்கம் கேட்டுப் போராடிய எதிர்க்கட்சி உறுப்பினர்கள், தமிழ்நாட்டவர் பலர் உட்பட, இரு அவையிலுமாக 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். 20, 21 தேதிகளில் மூன்று புதிய குற்றவியல் சட்ட மசோதாக்கள் நிறைவேறின. ஒரு எம்.பி.யின் கடிதத்தில் இவை எல்லாம் இடம் கேட்கும். நாட்டுக்கு இவை பெரிய செய்திதான். ஆனால் காட்டுக்குப்பத்தில் அந்த வாரம் அடுப்பு எரியவில்லை.

ஆற்றை முதலில் வைத்து, டெல்லியை அதன் வழியாகச் சொல்லலாம். "எண்ணெய் விஷயத்தை நாடாளுமன்றத்தில் கேட்டீர்களா" என்பது நியாயமான கேள்வி. மக்களவையில் கேள்வி கேட்கக் குறைந்தது 15 முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். எண்ணெய் வெளியே தெரிந்த நாளிலிருந்து எண்ணினால் கூட்டத்தொடரே முடிந்துவிடுகிறது. ஆகவே கேள்வி நேரம் கைக்கு எட்டாது. மீதி இருப்பவை பூஜ்ய நேரமும் (அவசர விஷயத்தை அவையில் எழுப்பும் நேரம்) 377ஆம் விதியின் கீழான அறிக்கையும் (தொகுதிப் பிரச்சினையைச் சிறு எழுத்து அறிக்கையாக அவையில் வைப்பது). பூஜ்ய நேரத்தில் எழுப்பினால் அமைச்சர் அங்கேயே பதில் சொல்லக் கட்டாயமில்லை. இடைநீக்கம் ஆனவருக்கு இந்த இரண்டு வழியும் அடைபடும்; அவர் பெயரில் பட்டியலிட்ட கேள்விகளும் நீக்கப்பட்டன. அப்போது மிஞ்சுவது பெட்ரோலிய அமைச்சருக்கும் சுற்றுச்சூழல் அமைச்சருக்கும் நேரடிக் கடிதம். இவ்வளவையும் ஐந்தாறு வரியில் எழுதினால் இடைநீக்கம் என்ற தேசியச் செய்தி தன் ஆற்றை எப்படித் தொட்டது என்று நெட்டுக்குப்பத்தில் இருப்பவருக்குப் புரியும். "ஜனநாயகப் படுகொலை" என்று தலைப்புப் போட்டு ஒரு பக்கம் எழுதினாலும் அது புரியாது.

குற்றவியல் சட்டங்களுக்கு அந்த மாதம் ஒரு வரி போதும்: நிறைவேறிவிட்டன, நடைமுறைக்கு வரும் தேதி பின்னர் தெரியும். அவை நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1. விரிவாக எழுத வேண்டிய கடிதம் ஜூன் கடைசிக் கடிதம். அதிலும் சட்டப் பெயர்களைவிட, எந்தக் காவல் நிலையத்திலும் புகார் பதியலாம், மின்னஞ்சல் போன்ற வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்பன போன்ற நடைமுறைகள்தான் மக்களுக்கு வேண்டியவை. தேசியச் செய்தியை அது நடந்த நாளில் எழுதுவதைவிட, அது தொகுதிக்குள் வந்து இறங்கும் நாளில் எழுதுவது பலன் தரும்.

26ஆம் தேதி இரவு

உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து திரவ அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் பக்கம் மூச்சு முட்டியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த நேரத்தில் கடிதம் எழுத முடியாது. ஆனால் அந்த நேரத்துக்கான செய்தியை முன்பே எழுதி வைத்திருக்க முடியும். அபாயகரமான ரசாயனத்தைக் கையாளும் ஆலைகள் சூழ்ந்த தொகுதியில் அமோனியா, எல்.பி.ஜி., எண்ணெய்த் தீ ஒவ்வொன்றுக்கும் ஆறு வரிச் செய்தி எழுதி, மருத்துவர் ஒருவரிடமும் தீயணைப்புத் துறையிடமும் காட்டித் திருத்தி வைக்க வேண்டும். இரவில் ஊர்ப் பெயரும் நேரமும் மட்டும் நிரப்பி அனுப்பினால் போதும்.

அமோனியாவுக்கு இப்படி: "... மணி. ... பகுதியில் அமோனியா வாடை. துணியைத் தண்ணீரில் நனைத்து மூக்கு, வாயை மூடுங்கள். கொடியோ புகையோ எந்தப் பக்கம் அசைகிறது என்று பாருங்கள். காற்று போகும் திசையிலேயே ஓடாதீர்கள், குறுக்காக விலகுங்கள். வெளியே போக முடியாவிட்டால் கதவு, ஜன்னலை அடைத்து இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். கண் எரிந்தால் வெறும் தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள், வேறு எதுவும் விடாதீர்கள். 108, 1077." இதை வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்ப வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவர் படிக்க மாட்டார், கேட்பார்.

மறுநாள் வரும் எண்களை எழுதுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆலை அருகே ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவீட்டில் தெரிந்தது. அனுமதி வரம்பு 400. ஐந்து மடங்கு என்று எழுதிவிடலாம். ஆனால் 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. அளந்தது எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, கசிவு நின்று எவ்வளவு நேரம் கழித்து என்பதைச் சேர்த்து எழுதாவிட்டால், அளவீட்டுக்கு முன் இரவில் மக்கள் சுவாசித்தது எவ்வளவு என்ற முக்கியமான கேள்வி மறைந்துபோகும். கடிதத்தில் அந்தக் கேள்வியையே எழுத வேண்டும்: இரவு அளவு என்ன, அதை அளந்த கருவி எங்கே இருந்தது, பதிவு யாரிடம் இருக்கிறது. உறுப்பினர் வாரியத்திடம் எழுத்தில் கேட்டு, வந்த பதிலை அடுத்த கடிதத்தில் அப்படியே போட வேண்டும். பதில் வராவிட்டால் "கேட்ட தேதி இது, இன்றுவரை பதில் வரவில்லை" என்று போட வேண்டும்.

திருத்தமும் தொடர்ச்சியும்

கடிதத்தில் தவறு வரும். வெள்ள வாரத்தில் முகாம் நேரம் மாறும், டோக்கன் தேதி மாறும். தவறான தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டினால், முன்னதைப் படித்துவிட்டுப் போனவர் பழைய நேரத்துக்கே வந்து நிற்பார். புதுத் தாளின் முதல் வரியிலேயே "முன் கடிதத்தில் காலை 10 மணி என்று இருந்தது தவறு, பிற்பகல் 2 மணிதான் சரி" என்று பழையதையும் சொல்லித் திருத்த வேண்டும். மைக்கில் வாசிக்கும்போதும் அதே வரிசை. கடிதங்களுக்கு வரிசை எண் போட்டால் திருத்துவது சுலபம்: "7ஆம் கடிதத்தில் மூன்றாம் பத்தி" என்று ஊர் நிர்வாகிகளே சொல்வார்கள்.

"நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற வரியைத் தொகுதிக் கடிதங்களிலிருந்து எடுத்துவிடலாம். யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றில் ஒன்றுகூட அதில் இல்லை. அந்த வரி வரும் இடத்தில் எல்லாம் நிலுவையில் இருப்பதை எழுதிவிட வேண்டும்: மனு எண், கொடுத்த தேதி, எந்த அலுவலகத்தின் மேசையில் இருக்கிறது.

தொடர்ச்சிக்கு ஒரு கெடு உண்டு. 2024 மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டதும் நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. அந்த நாள்களில் புது நிதி, புது வாக்குறுதி எதையும் எழுத முடியாது. அச்சிடும் தேர்தல் தாளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரி இருந்தாக வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. தொகுதி அலுவலகம் வழக்கமாக அனுப்பும் தகவல் கடிதத்தைக்கூட எதிர்த்தரப்பு பிரசாரம் என்று புகார் செய்யலாம் என்பதால், பெரும்பாலான அலுவலகங்கள் அதை நிறுத்திவிடுவதே வழக்கம். ஆனால் ஏற்கெனவே அரசாணை வந்த நிவாரணம் தேர்தலுக்காக நிற்காது. இது மக்களுக்குத் தெரியாததால், "எலெக்‌ஷன் முடிஞ்சு வாங்க" என்று கவுன்ட்டரில் சொன்னால் நம்பித் திரும்பிவிடுகிறார்கள்.

அதனால் தேர்தல் ஆண்டில், பிப்ரவரிக் கடைசியில் போகும் கடிதம் நிலுவைகளுக்கென்றே இருக்க வேண்டும். எண்ணூரைப் பொறுத்தவரை அதில் வந்திருக்க வேண்டியவை இவை: எண்ணெய் நிவாரணம் வராத குடும்பங்கள் எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில் மனு கொடுப்பது, பட்டியலில் விட்டுப்போன, கையால் இறால் பிடிப்பவர்களின் மனு எங்கே நிற்கிறது, எண்ணெய், அமோனியா இரண்டிலும் பசுமைத் தீர்ப்பாயத்தின் அடுத்த விசாரணைத் தேதி, பிப்ரவரி 12ஆம் தேதி ஆளுநர் உரையோடு தொடங்கிய சட்டமன்றக் கூட்டத்தில் தொகுதி உறுப்பினர் எண்ணூரைப் பற்றிக் கேட்டது என்ன, அமைச்சர் சொன்னது என்ன, உறுப்பினர் அலுவலகம் மூடியிருக்கும் இரண்டரை மாதத்தில் ஒவ்வொன்றுக்கும் நேராகப் போய்ப் பார்க்க வேண்டிய அதிகாரியின் பதவிப் பெயரும் அலுவலக இடமும். தாளின் பின்பக்கத்தைக் காலியாக விட்டு, மேலே "மனு கொடுத்த தேதி, வாங்கியவர் பதவி, ரசீது எண்" என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தால், அந்தக் கடிதத்தையே மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொள்ளலாம்.